சீட்டுக்கு ஒரு வியாக்கியானம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல் என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, கூடத்து ஊஞ்சல்தான் ஆசனம். வாதி என் பேரன். பிரதிவாதி என் பேத்தி. மூன்றாவதாக என் தமையனார் வீட்டுப் பையன் ஒருவன், இருவர் சொல்வதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கு, ஒரு சீட்டைப் பற்றியது.

சீட்டு என்றதும் ஆட்டீன், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் குனிந்து பார்த்தேன். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம். படத்தின் கீழே பொடி எழுத்தில் நாலைந்து வாக்கியங்கள். 'ஆர்க்கம் ஹாரர்' என்று பெயராம். 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். 1920களில் ஆர்க்கம் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே பூதங்கள் வருகின்றன. ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சியாக நின்று அவற்றைத் துரத்த வேண்டும். எதிர்க்கட்சி என்று யாரும் இல்லை. எதிரி, அந்தச் சீட்டுக்கட்டேதான்.

வழக்குக்கு வருகிறேன். ஒரு சீட்டில் இரண்டு காரியங்கள் சொல்லியிருந்தன. இதைச் செய், 'தென்', அதைப் பெற்றுக்கொள். (நம் தென்திசை அல்ல, 'அப்புறம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்.) முதல் காரியம் அவர்களுக்குப் பாதிதான் நடந்தது. அப்புறம் கிடைக்க வேண்டிய லாபம் கிடைக்குமா, கிடைக்காதா?

"நீங்க கதை எழுதுறவர்தானே, தாத்தா? நீங்களே சொல்லுங்க" என்றான் பேரன்.

இப்படிக் கேட்டால் எந்த எழுத்தாளனுக்குத்தான் தலை கனக்காது? நான் தீர்ப்புச் சொன்னேன். 'அப்புறம்' என்பது காலத்தைக் குறிக்கிற சொல். 'சாப்பிட்டான், அப்புறம் தூங்கினான்' என்று எழுதினால், பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் தூங்கவே கூடாது என்றா அர்த்தம்? ஆகையால் லாபம் உண்டு.

பேரன் கைதட்டினான். பேத்தி ஒன்றும் பேசாமல் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, விரலை வைத்துக் காட்டினாள். அது அந்த ஆட்டத்தின் அகராதி. அதில் 'அப்புறம்' என்ற சொல்லுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்! அதற்கு முன்னால் உள்ளது முழுவதும் நடந்தேறினால்தான் அதற்குப் பின்னால் உள்ளது நடக்கும் என்று கண்டிருந்தது. காலத்தைக் குறிக்கிற சொல் அல்ல, நிபந்தனையைக் குறிக்கிற சொல். என் தீர்ப்பு மேல்கோர்ட்டுக்குப் போகாமலே கவிழ்ந்தது.

அதே அகராதியில் 'முடியாது' என்ற சொல்லுக்கும் விளக்கம் உண்டு. ஒரு சீட்டு 'முடியாது' என்று சொல்லிவிட்டால் வேறு எந்தச் சீட்டு வந்தும் அதை மாற்ற முடியாது. எங்கள் வீட்டில் அப்பா 'முடியாது' என்பார், பாட்டி சமையலறையிலிருந்து ஒரு வார்த்தை சொல்வாள், முடிந்துவிடும். இந்த ஆட்டத்தில் பாட்டி கிடையாது.

நாற்பது வருஷமாகச் சொற்களை வைத்துப் பிழைக்கிறவன், ஒரு சீட்டின் முன்னால் தோற்றுப்போனது கொஞ்சம் உறுத்தியது. சீட்டாட்டத்துக்கு இவ்வளவு வியாக்கியானம் எப்போது வந்து சேர்ந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடியது என்னை 1742ஆம் வருஷத்து லண்டனில் கொண்டுபோய் விட்டது.

அந்த வருஷம் எட்மண்ட் ஹாயில் என்ற ஒரு மனிதர் விஸ்ட் ஆட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெரிய மனிதர்களின் வீடுகளில் விஸ்ட் சொல்லிக்கொடுத்து ஜீவனம் நடத்தியவர் அவர். நூலின் விலை ஒரு கினி. அந்தக் காலத்துக்கு அது அநியாய விலை. அநியாய விலை வைத்தால் என்ன நடக்கும்? திருட்டுப் பதிப்பு வந்தது. ஹாயில் அசல் பிரதிகளில் தம் கையெழுத்தைப் போட்டு விற்க ஆரம்பித்தார். பின்னால் 'ஹாயில் சொன்னபடி' என்றால் 'விதிப்படி' என்று இங்கிலீஷ் பாஷையிலேயே ஒரு வழக்கு ஏற்பட்டுவிட்டது. 1769இல் அவர் காலமானார்; அவர் கண்ணால் கண்டிராத போக்கர் ஆட்டத்தில் சண்டை வந்தால்கூட 'ஹாயில் என்ன சொல்கிறார்?' என்று கேட்டார்கள். ஆசிரியன் என்றால் இப்படியல்லவா வாழ வேண்டும்!

விஸ்ட் நாலு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டினால் அந்த ஜாதி துருப்பு. அவ்வளவுதான் விதி. ஆனால் ஒரு நிபந்தனை: வாய் திறக்கக் கூடாது. விஸ்ட் என்ற பெயருக்கே 'உஸ்!' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. என் கையில் என்ன இருக்கிறது என்று என் ஜோடிக்குத் தெரிந்தால் பாதி ஜயம். அதைச் சொல்லத்தான் கூடாது. சொல்லாமல் எப்படிச் சொல்வது? சீட்டைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். கூட்டாக ஆடுகிற சீட்டாட்டத்தின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு சங்கடத்திலிருந்துதான் கிளைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லார்ட் ஹென்றி பென்டிங்க் என்ற பிரபு ஒரு தந்திரம் கண்டுபிடித்தாராம். சின்னச் சீட்டுப் போட்டால் போதும் என்கிற இடத்தில், வேண்டுமென்றே முதலில் பெரியதைப் போட்டு, அடுத்த சுற்றில் சின்னதைப் போடுவது. இதைக் கண்டதும் எதிரே இருப்பவன், 'ஓகோ, துருப்பை இறக்கச் சொல்கிறான்' என்று தெரிந்துகொள்ள வேண்டும். கப்பல் புறப்படப் போகிறது என்று ஏற்றுகிற கொடியின் பெயரால் இதை 'புளூ பீட்டர்' என்றார்கள். கொஞ்ச காலத்தில் எல்லாருக்கும் இது பாடமாகிவிட்டது. கெட்டிக்கார ஆட்டக்காரரான பென்டிங்க், மட்டமான ஆட்டக்காரர்களுக்கும் ஒரு கோலைக் கொடுத்துவிட்டோமே என்று பிறகு வருந்தியதாகச் சொல்வார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது பாருங்கள். இது ஆட்டமா, ஏமாற்றா? வாயால் சொன்னால் பிசகு. சீட்டால் சொன்னால் சரியா? அதற்கு நாளடைவில் ஏற்பட்ட பதில் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாலு பேருக்கும் தெரிந்த ஜாடை என்றால் அது பாஷை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் அது திருட்டு. ஜாடை ஒன்றேதான், எத்தனை பேருக்குத் தெரியும் என்பதில்தான் யோக்கியம் இருக்கிறது. கிளப்புக்கு ஒரு வழக்கமாக இருந்த விஸ்ட் விதிகளை 1864இல் ஜான் லொரெய்ன் பால்ட்வின் என்பவர் தொகுத்து அச்சிட்டார். அதோடு ஜேம்ஸ் க்ளே என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் எழுதிய ஆட்ட விளக்கமும் சேர்ந்து வந்தது. சட்டம் செய்கிறவர்கள் ஓய்வு நேரத்திலும் சட்டமே செய்தார்கள் போலும்.

ஆனால் யாரும் ஏற்படுத்தாமல், தானாக ஏற்பட்டுவிடுகிற ஜாடை ஒன்று உண்டே, அதற்கு என்ன செய்வது? இதைப் பற்றி எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை. என் தகப்பனார் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ரேழியில் முந்நூற்று நாலு நடக்கும். 32 சீட்டு, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76. நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. அப்பாவுக்கு ஜோடி, பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு சிநேகிதர். இருபது வருஷத்து ஜோடி. இரண்டு பேரும் பணம் வைத்து ஆடுகிறவர்கள் அல்ல. தோற்ற ஜோடி காப்பி வாங்கித் தர வேண்டும், அவ்வளவே.

ஒரு ஞாயிறு, ஏலம் கேட்கிற கட்டம். அப்பாவின் கை ரெண்டுங்கெட்டான். மேலே கேட்கலாம், விட்டும்விடலாம். அப்பா எதிரே பார்த்தார். சிநேகிதர் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். அப்பா சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "நான் கேட்கவில்லை" என்றார். அந்த ஆட்டம் போயிற்று. சிநேகிதர் கையில் இரண்டு ஜாக்கி இருந்தது.

"ஏன் ஓய் விட்டீர்?" என்று அவர் சீறினார்.

"நீர் பொடி போட்டீரே" என்றார் அப்பா.

ஒருவருக்கும் புரியவில்லை. அப்பா மெதுவாக விளக்கினார். நல்ல சீட்டு வரும்போதெல்லாம் சிநேகிதர் பொடி போடுகிறார். அது அவருக்கே தெரியாது. தமக்கும் தெரியாது என்றுதான் அப்பா இத்தனை நாள் நினைத்திருந்தார். அன்றைக்கு, மேலே கேட்க வாயெடுத்தபோது, எதனால் இந்தத் தைரியம் வந்தது என்று யோசித்தாராம். சீட்டைப் பார்த்து வரவில்லை, டப்பாவைப் பார்த்து வந்திருக்கிறது. எத்தனை வருஷமாக இப்படி வந்துகொண்டிருந்ததோ!

எதிர் ஜோடி சிரித்தார்கள். சிநேகிதர் சிரிக்கவில்லை. என்னைத் திருடன் என்கிறீரா என்று எழுந்து போய்விட்டார். இரண்டு ஞாயிறு வரவில்லை. அப்பா அந்த இரண்டு ஞாயிறும் ரேழியில் பாயை விரித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது ஞாயிறு வந்தார். செருப்பைத் திண்ணையோரம் கழற்றி, பொடி டப்பாவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து கடைசிவரையில் அப்படியே.

பிற்காலத்தில் பிரிட்ஜ் ஆட்டத்தின் சட்டத்தைப் படித்தபோது திடுக்கிட்டேன். அப்பா செய்தது அப்படியே அதில் இருக்கிறது. ஜோடியின் தயக்கத்திலிருந்தோ, குரலிலிருந்தோ, முகபாவத்திலிருந்தோ ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அதை வைத்து ஆடக் கூடாது. நியாயமாக இரண்டு வழி இருக்கும்போது, தெரியக் கூடாமல் தெரிந்த விஷயம் எந்த வழியைக் காட்டுகிறதோ அந்த வழியில் போகக் கூடாது. அப்பா பிரிட்ஜ் ஆடினவரல்ல.

பிரிட்ஜ், விஸ்டின் பேத்தி. ஆனால் பாட்டி வாய் பேசாதவள், பேத்தி பேசுகிறாள். ஏலம் கேட்கிற கட்டத்தில் ஒருவருக்கொருவர் பேசலாம். எவ்வளவு பேசலாம் என்றால், ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள், நாலு ஜாதி, 'துருப்பில்லை', அப்புறம் 'பாஸ்', 'டபிள்', 'ரீடபிள்'. ஆக 15 சொற்கள். இந்தப் பதினைந்து சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் 13 சீட்டையும் எதிரே இருப்பவனுக்கு வர்ணிக்க வேண்டும். காவியம் எழுதுகிறவர்கள் வந்து பார்க்க வேண்டிய சிக்கனம்!

சொல் குறைந்தால் பொருள் கூடும். 'டபிள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நீ சொன்னதை உன்னால் செய்ய முடியாது. பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன்' என்று எதிரியைப் பார்த்துச் சொல்கிற சவால் அது. 1910களில் அமெரிக்கர்கள் சிலர் யோசித்தார்கள். எதிரி முதல் ஏலத்தில் ஏதோ சின்னதாகக் கேட்கும்போது அவனிடம் இப்படிச் சவால் விட வேண்டிய அவசியமே வருவதில்லை. சும்மா கிடக்கிற சொல்லை வீணாக்குவானேன்? அந்த இடத்தில் 'டபிள்' என்றால், 'ஜோடி, என் கையில் பலம் இருக்கிறது, உனக்கு எந்த ஜாதி நன்றாக இருக்கிறதோ அதைச் சொல்' என்று பொருள் வைத்தார்கள். எதிரியைப் பார்த்துச் சொன்ன சொல், ஜோடியைப் பார்த்துச் சொல்கிற சொல்லாயிற்று. எழுத்து மாறவில்லை, இடம் மாறிற்று, பொருள் தலைகீழாயிற்று. இதையும் கள்ள ஜாடை என்று ஆக்ஷேபித்தவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த பிறகு ஆக்ஷேபணை ஓய்ந்தது.

இன்றைய காண்ட்ராக்ட் பிரிட்ஜை உருவாக்கியவர் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற கோடீசுவரர். 1925இல் 'ஃபின்லாந்து' என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் போகும்போது நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். ஓர் ஆட்டம் ஜயித்த ஜோடி, தோற்றால் கூடுதல் அபராதம் கட்ட வேண்டும் என்று விதி செய்தார். அந்த நிலைக்கு ஒரு பெயர் அகப்படவில்லை. கப்பலில் வந்த ஓர் இளம்பெண் 'வல்னரபிள்' என்று சொன்னாள். காயம்படக் கூடிய நிலை என்று பொருள். இன்றைக்கும் உலகமெங்கும் அந்தச் சொல்தான். அவள் பெயரோ வாண்டர்பில்டுக்கு நினைவில்லாமல் போய்விட்டது. ஹாயிலின் கையெழுத்துக்குக் கிராக்கி. இவளுக்குப் பெயரே இல்லை. சொல்லைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கதி இதுதான்.

1931 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பெரிய மல்யுத்தம் நடந்தது. ஈலி கல்பர்ட்ஸன் ஒரு பக்கம்; ஸிட்னி லென்ஸ் மறுபக்கம். ஏலச் சொல்லுக்கு யார் சொல்லும் பொருள் சிறந்தது என்பதே போட்டி. 150 ரப்பர் ஆட வேண்டும். பத்திரிகைகள் யுத்தச் செய்தி மாதிரி அச்சிட்டன. லென்ஸின் ஜோடி ஆஸ்வால்ட் ஜேகபி இளைஞர். கையில் இல்லாததை இருப்பதாகக் கேட்டு எதிரியைக் குழப்புவதில் சமர்த்தர். குழம்பியது எதிரி மட்டுமா? 103 ரப்பர் ஆனதும் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஜேகபி விலகிக்கொண்டார். வேறொருவர் வந்து உட்கார்ந்தார். 1932 ஜனவரியில் கல்பர்ட்ஸன் 8,980 புள்ளி வித்தியாசத்தில் ஜயித்தார். எதிரியிடம் தோற்பது ஒரு வகை. தன் ஜோடியின் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் தோற்பது வேறு வகை. கல்யாணமானவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1965இல் பியூனஸ் அயர்ஸில் உலகப் போட்டி. பிரிட்டனைச் சேர்ந்த டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபீரோ இருவரும் சீட்டைப் பிடித்திருக்கும் விரல்களால் ஆட்டீன் எத்தனை என்று தெரிவித்துக்கொண்டார்கள் என்று புகார் வந்தது. உலக சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. லண்டனில் தனியாக நடந்த விசாரணை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆகவில்லை என்று 1966இல் முடிவு சொல்லிற்று. இரண்டு தீர்ப்பும் அப்படியே நிற்கின்றன. ரீஸ் ஆட்டத்தைப் பற்றி அருமையான புத்தகங்கள் எழுதியவர். அதை நினைக்கும்போது எனக்கு ஜவுளிக்கடைக்காரர் எழுந்து போனதுதான் ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம் அவநம்பிக்கை சாமான்களாக உருவெடுத்தது. குரலில் ஜாடை வராமலிருக்க, ஏலத்தை வாயால் சொல்லாமல் அச்சடித்த அட்டையை எடுத்து வைக்கிற பெட்டி சுவீடனிலிருந்து வந்தது. ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க, 1975 உலகப் போட்டியில் மேஜைக்கு நடுவே தட்டி வைத்தார்கள். அந்தப் போட்டியிலேயே ஓர் ஜோடி மேஜைக்கு அடியில் காலால் தட்டுகிறார்கள் என்று கண்டித்தார்கள்! பிறகு தட்டியைத் தரைவரை இறக்கினார்கள். வாய் பேசாத விஸ்டில் தொடங்கி, 15 சொல் பேசி, மறுபடியும் ஊமையாகி, திரைக்கு இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டது கூட்டாட்டம்.

இதெல்லாம் எதிரி இருக்கிற ஆட்டத்தின் கதை. எதிரி இருந்தால் அவன் காவல்காரன். இடறினால் கூச்சல் போடுவான். எதிரியே இல்லாவிட்டால்?

அந்தக் கிளை வேறு. 1977இல் 'காஸ்மிக் என்கவுண்டர்' என்று ஓர் அமெரிக்க ஆட்டம் வந்தது. ஆளுக்கொரு சக்தி, அந்தச் சக்தி பொது விதியை முறிக்கும். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 'மேஜிக்' என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு விதியை எழுதினார். விதிப் புத்தகமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டுச் சொல்வதே செல்லும் என்று வைத்தார்கள். நம் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: சிறப்பு விதி பொது விதியை விலக்கும். 2000இல் ஜெர்மானியரான ரெய்னர் க்னீஸியா, ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து தீய சக்தியை எதிர்க்கும் ஆட்டம் ஒன்று செய்தார், படித்தது கணிதம். இந்த இரண்டு கிளையும் சேர்ந்த இடத்தில்தான் என் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடுவில் ஓர் அழகான ஆட்டத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'ஹனாபி'. ஜப்பானிய பாஷையில் வாணவேடிக்கை. செய்தவர் ஆன்டுவான் போஸா என்ற பிரெஞ்சுக்காரர். 2010இல் வந்து, 2013இல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று பரிசு வாங்கியது. 50 சீட்டு, ஐந்து நிறம். உங்கள் சீட்டை முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். உங்கள் கை உங்களுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்! அவர்கள், 'இவை சிவப்பு' என்றோ 'இது இரண்டு' என்றோ மட்டும் சொல்லலாம். அதற்கும் எண்ணிக்கை வரம்பு. எல்லாம் சரியாக வந்தால் 25 புள்ளி. 'உன்னிடம் பச்சையே இல்லை' என்று சொல்லலாமா கூடாதா என்று ஆடுகிறவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 2019இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் தங்கள் யந்திரங்களுக்கு இதை ஒரு பரீட்சையாக வைத்தார்கள். ஒன்றாகவே பழகின யந்திரங்கள் தங்களுக்குள் பிரமாதமாக ஆடின. பழகாத யந்திரத்தோடு உட்கார வைத்தால் தடுமாறிப்போயின. அவையும் தங்களுக்குள் பொடி டப்பா வைத்திருந்தன என்று தெரிகிறது.

மறுநாளும் என் ஊஞ்சலுக்கு வழக்கு வந்தது. இந்தத் தடவை அகராதியிலும் விடை இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு சீட்டுகள் குறுக்கிட்டன. எது முந்தியது என்பதில் சந்தேகம். ஒரு விதமாகப் படித்தால் பிழைக்கலாம்; இன்னொரு விதமாகப் படித்தால் ஆட்டம் முடிந்தது. பூதத்துக்காக வாதாட அங்கே யாரும் இல்லை. நான் முதல் நாள் பட்ட அவமானத்தை மறந்து, பிழைக்கிற விதமாகவே வாக்கியத்தை வளைத்துக் காட்டினேன். நன்றாகத்தான் வளைந்தது. அந்தத் தொழிலில்தானே இருக்கிறேன்.

பேத்தி புத்தகத்தைப் புரட்டி இன்னொரு விதியைக் காட்டினாள். 'கொடிய விதி' என்று அதற்குப் பெயர். சந்தேகத்துக்குப் புத்தகத்தில் விடை கிடைக்காவிட்டால், ஜயிப்பதற்கு எது மிகவும் மோசமானது என்று ஆடுகிறவர்களுக்குத் தோன்றுகிறதோ, அந்த விதமாகவே வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்த வேண்டும்.

"யாரும் பாக்கலையே" என்றான் தமையனார் வீட்டுப் பையன், நப்பாசையோடு.

"நாம பாக்கறோமே" என்றாள் அவள்.

மோசமான விதமாகவே படித்தார்கள். ஆர்க்கம் நகரம் பூதங்களிடம் போயிற்று. பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கொல்லைப்புறம் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். நான் ஊஞ்சலிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கை போட்டாள்.